சீண்டும் கலை, சினக்கும் பார்வையாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்காட்சியில் ஒரு படைப்பைப் பார்த்துக் கொதித்துப்போய் வெளியே வந்தவர்களுக்கும், அப்படிப்பட்ட படைப்பைக் காட்சிக்கு வைக்கப்போகும் கூடத்தாருக்கும், அதைச் செய்த கலைஞர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள். மூன்று தரப்பும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், வேறு வேறு தொனியில்.

சீண்டும் கலை என்று எதைச் சொல்கிறீர்கள்?

பார்ப்பவரைத் தொந்தரவு செய்வதையே தன் வேலையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்ட கலையை. ஆனால் எல்லாச் சர்ச்சையும் கலைஞர் திட்டமிட்டு வருவதில்லை. 1865இல் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோனில் பிரெஞ்சு ஓவியர் மானே 'ஒலிம்பியா' என்ற ஓவியத்தை வைத்தார். நிர்வாணம் அங்கே புதிதில்லை. புராணப் பெயர் சூட்டிய நிர்வாணங்கள் சுவரெல்லாம் தொங்கின. இந்தப் பெண்ணோ சமகாலத்து விலைமகளாகத் தெரிந்தாள், கூசாமல் நேருக்கு நேர் பார்த்தாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. காவலர்களை நிறுத்தினார்கள், கடைசியில் படத்தைக் கைக்கெட்டாத உயரத்துக்கு ஏற்றினார்கள்.

கலைஞர் மார்செல் டுஷாம்பின் 'ஃபவுன்டன்' (நீரூற்று) வேறு வகை. 1917இல் நியூயார்க்கில் ஒரு கலைஞர் சங்கம், 6 டாலர் கட்டணம் கட்டிய யாருடைய படைப்பையும் மறுக்காமல் வைப்போம் என்று அறிவித்தது. அவர் கடையில் வாங்கிய சிறுநீர்க் கோப்பையில் 'ஆர். மட் 1917' என்று கையெழுத்திட்டு அனுப்பினார். சங்கம் தன் விதியைத் தானே மீறி அதை ஒதுக்கிவைத்தது. மூலக் கோப்பை தொலைந்துபோனது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பிற்காலப் பிரதிகள், பெரும்பாலும் 1964இல் அவர் ஒப்புதலோடு செய்தவை. இங்கே கோப்பையைவிட அந்த மறுப்புதான் படைப்பின் உயிர். சீண்டல் வேலை செய்தது என்பதற்கு அதுவே சாட்சி.

"இதை என் பிள்ளைகூடச் செய்துவிடும்." இதற்கு என்ன பதில்?

செய்துவிடும் என்பதே பல நேரம் உண்மை. கைத்திறனை மட்டும் அளவுகோலாக வைத்தால் இந்த வகைப் படைப்புகளில் பாதி தேறாது. அங்கே கேட்கவேண்டியது வேறு: இந்தப் பொருளை, இந்த இடத்தில், இந்த முறையில் வைக்கும்போது என்ன நடக்கிறது?

கார்ல் ஆந்த்ரேயின் 'ஈக்விவலன்ட் 8' (சமமானது 8) என்ற படைப்பைக் கிட்டே போய்ப் பாருங்கள். 120 செங்கற்கள், அகலத்தில் 6, நீளத்தில் 10, உயரத்தில் 2 அடுக்கு. சாந்து கிடையாது, பசை கிடையாது, பீடம் கிடையாது; தரையில் சும்மா அடுக்கியவை. அந்த வரிசையில் மொத்தம் எட்டுப் படைப்புகள், ஒவ்வொன்றிலும் அதே 120 கல், வடிவம் மட்டும் மாறும். எடையும் கனஅளவும் ஒன்றாகவே இருந்தும் கண்ணுக்கு ஒன்று நீண்டும் ஒன்று சதுரமாகவும் படும். எட்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் தலைப்பு புரியும். 1966இல் காட்டிய கற்கள் விற்காமல் திரும்பிப் போயின. பின்னால் உலைக் கற்களை வைத்து மறுபடி செய்தார். லண்டன் டேட் அருங்காட்சியகம் 1972இல் அதை வாங்கியது. 1976இல் நாளிதழ்கள் "வெறும் செங்கல்லுக்கு மக்கள் பணமா" என்று கிளப்பிய பிறகு ஒருவர் அதன்மேல் நீலச் சாயத்தைக் கொட்டினார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். அது முழுமையான ஒரு கருத்து. அதற்காக யாரும் யாரையும் ரசனை இல்லாதவர் என்று சொல்லக்கூடாது. "புரியாதவர்களுக்குக் கோபம் வரும்" என்று கூடத்தார் சொல்லும்போதெல்லாம் அவர்கள் ஒரு பார்வையாளரை நிரந்தரமாக இழக்கிறார்கள்.

ஒரு வாழைப்பழத்துக்கு அத்தனை பணமா? வாங்கியவர் எதை வாங்கினார்?

மவுரிசியோ கட்டெலானின் 'கொமீடியன்' 2019 டிசம்பரில் மயாமி கலைச் சந்தையில் 120,000 டாலர் விலையில் வைக்கப்பட்டது. வாழைப்பழம் ஒன்று, அதைச் சுவரில் ஒட்டிய சாம்பல் நிறப் பட்டை ஒன்று. 2024 நவம்பரில் அதன் ஒரு பிரதி ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் சில நாளில் பழத்தைத் தின்றும் காட்டினார். அவர் கையில் இப்போது என்ன மிச்சம்? உரிமைச் சான்றிதழும் செய்முறைக் கையேடும். பழத்தைத் தரையிலிருந்து 175 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்டவேண்டும், 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று அந்தக் கையேடு சொல்கிறது. சான்றிதழ் இல்லாமல் உங்கள் வீட்டுச் சுவரில் நீங்கள் ஒட்டினால் அது ஒட்டிய பழம்.

வாங்கியது ஒரு உரிமை என்று தெரிந்துகொண்டு கோபப்பட்டால் கோபம் சரியான இடத்துக்குப் போகும்: பழத்தை விட்டுவிட்டு, அந்த உரிமைக்கு இவ்வளவு விலை வைக்கும் சந்தையிடம். அந்தக் கோபத்தில் நியாயமும் நிறைய இருக்கிறது.

மக்களுக்கு உண்மையில் எதன்மேல் கோபம்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். "அசிங்கம்", "அவமானம்", "இதெல்லாம் கலையா" என்று ஒரே வார்த்தைகளில் வரும் புகார்களுக்கு அடியில் வேறு வேறு குறைகள் இருக்கின்றன. எது என்று பிரித்துப் பார்க்காமல் எழுதும் எந்தப் பதிலும் நெருப்பில் எண்ணெய்தான்.

முதலாவது, பணம்: எங்கள் வரியில் ஏன் வாங்கினீர்கள்? இரண்டாவது, இடம்: கண்காட்சிக்குள் வைத்திருந்தால் வராமல் இருந்திருப்போம், தினமும் நடக்கும் வழியில் ஏன் வைத்தீர்கள்? மூன்றாவது, புனிதம். நான்காவது, துயரத்தின் உரிமை: எங்கள் வீட்டுச் சாவை நீ யார் எடுத்துக் காட்ட? ஐந்தாவது, உயிர்: ஒரு விலங்கையோ குழந்தையையோ இதற்காக வதைத்தீர்களா? இவை எல்லாவற்றின் பின்னாலும் பொதுவாக ஒரு கேள்வி நிற்கும்: எங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?

மார்க்கஸ் ஹார்வியின் 'மைரா' நான்காம் வகைக்கு உதாரணம். குழந்தைகளைக் கொன்ற குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற மைரா ஹிண்ட்லியின் காவல்துறைப் படம், குழந்தைக் கையின் வார்ப்பால் பதித்த அச்சுகளால் பிரம்மாண்டமாக வரையப்பட்டது. 1997இல் லண்டன் ராயல் அகாடமியின் 'சென்சேஷன்' கண்காட்சியில் அது தொங்கியபோது, கொல்லப்பட்ட ஒரு சிறுவனின் தாயே எடுக்கச் சொல்லிக் கேட்டார். முதல் நாளே மையும் முட்டையும் வீசப்பட்டன. சுத்தம் செய்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் திரும்ப வைத்தார்கள். அந்தத் தாயிடம் போய்க் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி வகுப்பெடுப்பது பதிலாகாது. அவர் கேட்டது வேறு.

படத்தைப் பார்க்காமலே எப்படி இவ்வளவு பேர் கொதிக்கிறார்கள்?

பெரும்பாலான சர்ச்சைகளில் கோபப்படுபவர்கள் பார்த்தது ஒரு வாக்கியத்தைத்தான். கிறிஸ் ஒஃபிலியின் 'த ஹோலி வர்ஜின் மேரி' 1999இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, மாதா படத்தின்மேல் சாணத்தை வாரி எறிந்திருக்கிறார்கள் என்று பரவியது. உண்மையில் பதப்படுத்தி அலங்கரித்த யானைச் சாண உருண்டை ஒன்று மார்பின் இடத்தில் இருந்தது. இன்னும் இரண்டு உருண்டைகள்மேல் ஓவியம் நின்றது. பெண் உறுப்புகளின் பத்திரிகைப் படத் துண்டுகளும் சுற்றிலும் ஒட்டப்பட்டிருந்தன. எதிர்ப்பவர் அதைச் சுட்டிக்காட்டியிருந்தால் சரியான விவரத்தைப் பேசியிருப்பார். ஆனால் பரவியது 'எறிந்தார்கள்' என்ற வினைச்சொல்.

தலைப்பும் இப்படி வேலை செய்யும். எம். எஃப். உசைன் வரைந்த ஒரு நிர்வாணப் பெண் உருவம் இந்திய வரைபட வடிவில் இருந்தது. 2006இல் ஒரு ஏல விளம்பரத்தில் அது 'பாரத மாதா' என்ற பெயரோடு வந்தது. பெயரை அவர் வைக்கவில்லை. வழக்குகள் குவிந்தன. 2008 மே மாதம் டெல்லி உயர்நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. அதற்குள் அவர் நாட்டைவிட்டுப் போயிருந்தார், திரும்பி வராமலே 2011இல் லண்டனில் இறந்தார்.

பகிருமுன் நான்கு விஷயம் பாருங்கள். படம் முழுமையானதா, வெட்டியதா? தலைப்பு கலைஞர் வைத்ததா? எந்த ஆண்டு, எந்தக் கண்காட்சி? காட்சிக்கு வைத்தவர்கள் என்ன விளக்கம் சொன்னார்கள்? பத்து நிமிட வேலை. 2007இல் நிகராகுவாவில் ஒரு கலைக்கூடத்தில் படைப்பாக ஒரு நாயைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்ற செய்தி உலகம் சுற்றி, லட்சக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். நாய்க்கு உணவு கொடுத்தோம், அது ஓடிப்போய்விட்டது என்றது அந்தக் கூடம். மனுவில் கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேர் காதுக்கு அந்த மறுப்பு எட்டியது?

ஒரு படைப்பு என்னைப் புண்படுத்திவிட்டது. எப்படி முறையிட்டால் காது கொடுப்பார்கள்?

காவலரிடம் கத்தாதீர்கள். அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அந்த நாளில் நீங்கள் அவருக்கு முப்பதாவது ஆள். பொறுப்பாளரின் பெயரைக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். படைப்பின் தலைப்பு, அறை, நீங்கள் பார்த்த நாள், எது புண்படுத்தியது (பொருளா, தலைப்பா, வைத்த இடமா, விளக்க உரையா), என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறீர்கள். ஒரு பக்கம் போதும்.

அந்தக் கடைசிப் பகுதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "உடனே எடுங்கள்" என்று மட்டும் எழுதினால் பதில் "முடியாது" என்பதோடு முடிந்துவிடும். எச்சரிக்கைப் பலகை வையுங்கள், குழந்தைகள் பகுதிக்குப் போகும் வழியிலிருந்து மாற்றுங்கள், எங்கள் சமூகத்தின் விளக்கத்தையும் பக்கத்தில் வையுங்கள், ஒரு பொதுக் கலந்துரையாடல் நடத்துங்கள் என்று கேட்டால் அவற்றில் ஒன்றாவது நடக்கும். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் நிர்வாகக் குழுவுக்கு, அதன்பின் நிதி தரும் அமைப்புக்கு. நூறு பேர் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்புவதைவிடச் சொந்த வார்த்தையில் பத்து பேர் எழுதுவது வலுவானது. நகல்களை ஒரே புகாராக எண்ணிவிடுவார்கள்.

எச்சரிக்கைப் பலகை எங்கே, எப்படி வைக்கவேண்டும்?

படைப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பயனில்லை, அதற்குள் கண் பார்த்துவிடும். திரும்பிப் போக வழி இருக்கும் இடத்தில், அறைக்கு வெளியே, நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்திலும் ஒன்று. "சிலரைச் சங்கடப்படுத்தலாம்" என்ற மழுப்பலும் பயன்படாது. என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்: "இந்த அறையில் நிர்வாணப் படங்களும், தற்கொலை குறித்த ஒலிப்பதிவும் உள்ளன. அடுத்த அறைக்கு வலப்பக்க வழியாகவும் போகலாம்." அந்த மாற்றுவழி உண்மையிலேயே இருக்கவேண்டும். அப்படியொரு வழி இல்லாத அறையில் இந்தப் படைப்பை வைப்பது திட்டமிடலின் தவறு. குழந்தையோடு வருபவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. வயது வரம்பு போடுவதை இரண்டாவதாக யோசிக்கலாம்.

கண்காட்சி திறக்குமுன் கூடத்தார் என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். படைப்பு யாருடைய வரலாற்றை, நம்பிக்கையைத் தொடுகிறதோ அவர்களில் சிலரை அழைத்துக் காட்டுங்கள். அனுமதி வாங்குவதற்காக இல்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவர்கள் சொல்வார்கள் என்பதற்காக. கலைஞருக்கும் இது முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும்.

ஒப்பந்தத்தில் நான்கு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். மிரட்டல் வந்தால் படைப்பை மூடவோ மாற்றவோ யார் முடிவெடுப்பது? சேதமானால் யார் பழுது பார்ப்பது, அதைக் கலைஞர் ஏற்பாரா? காப்பீடு வேண்டுமென்றே செய்யும் சேதத்துக்கும் பொருந்துமா? படத்தைப் பத்திரிகைக்குத் தரலாமா? இவை இல்லாமல் நெருக்கடியில் மாட்டினால் கூடமும் கலைஞரும் ஆளுக்கொரு அறிக்கை விடுவார்கள்.

படைப்பு வந்து இறங்கியதும் நிலை அறிக்கை எழுதுங்கள். முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று என்று படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். நாளைக்கு ஒரு கீறல் வந்தால் அது பழையதா புதியதா என்று காட்ட வேறு வழியில்லை. முன்னால் 60 முதல் 90 சென்டிமீட்டரில் தரைக்கோடு போடலாம். ஆனால் தரைக்கோடு தெரியாமல் கிட்டே போகிறவரைத்தான் நிறுத்தும், நினைத்து வருபவரை நிறுத்தாது; மிரட்டல் வந்திருந்தால் கண்ணாடித் தடுப்பு வேண்டும். அதிலும் பக்கவாட்டு இடைவெளியைப் பாருங்கள். புரூக்ளினில் ஒஃபிலியின் ஓவியத்துக்கு முன்னால் தடுப்பு இருந்தது. 1999 டிசம்பரில் ஒருவர் அதன் பின்னால் நுழைந்து வெள்ளைப் பெயின்ட்டைப் பூசிவிட்டார்.

விளக்க உரை நூறு சொல்லுக்குள் இருக்கட்டும், கண்மட்டத்தில், பெரிய எழுத்தில். "கேள்விக்குள்ளாக்குகிறது", "கட்டுடைக்கிறது" போன்ற சொற்களை எடுத்துவிட்டு, எதனால் செய்தது, எப்போது, எந்த நிகழ்வைப் பற்றியது, ஏன் இப்போது காட்டுகிறோம் என்பதை எழுதுங்கள். கோபத்தோடு நிற்பவர் அந்தப் பலகையை நிச்சயம் படிப்பார். சந்தோஷமாக வருபவர்தான் படிக்காமல் போவார்.

அப்புறம் காவலர்கள். நாள் முழுக்க வசவு வாங்குவது அவர்கள்தான், தயாரிப்புக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் அழைக்கப்படாதவர்களும் அவர்கள்தான். திறப்புக்கு முந்திய வாரம் அவர்களை உட்காரவைத்துப் படைப்பை விளக்குங்கள், வரக்கூடிய ஆறேழு கேள்விகளுக்குப் பதில் எழுதிய ஒரு தாளைக் கொடுங்கள். "எனக்கும் இது பிடிக்கவில்லை" என்று காவலர் சொல்ல விரும்பினால் சொல்லலாமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். சர்ச்சைக்குரிய அறையில் ஒருவரை ஒரு மணி நேரத்துக்குமேல் நிறுத்தாதீர்கள்.

யாராவது பெயின்ட் ஊற்றிவிட்டால், கிழித்துவிட்டால் முதல் பத்து நிமிடம் என்ன செய்வது?

ஆட்களை வெளியேற்றுங்கள். தாக்கியவரோடு படைப்பின் அருகில் மல்லுக்கட்டாதீர்கள். அந்தத் தள்ளுமுள்ளில்தான் இரண்டாவது சேதம் நடக்கும். அவரை அங்கிருந்து நகர்த்துவதே போதும்.

துடைக்காதீர்கள். கைக்குட்டையை எடுத்து அழுத்தித் தேய்ப்பது எல்லோருக்கும் முதலில் வரும் உந்துதல், அதுதான் பெரிய கேடு. தேய்த்தால் நிறம் விரிசலுக்குள்ளும் துணி இழைக்குள்ளும் இறங்கிவிடும். சொட்டுகிறது என்றால் உறிஞ்சும் தாளைக் கீழ் ஓரத்துக்கு அடியில், மேற்பரப்பைத் தொடாமல் பிடியுங்கள். ஊற்றிய பாட்டிலைப் பத்திரப்படுத்துங்கள்: காவல்துறைக்குச் சான்று என்பதோடு, உள்ளே இருந்தது என்ன திரவம் என்று தெரிந்தால்தான் எதை வைத்து எடுப்பது என்று ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் முடிவு செய்ய முடியும். அவர் எண் காவலரின் கைபேசியிலேயே இருக்கவேண்டும். நீரில் கரையும் பெயின்ட் காய்ந்து ஏடுகட்டுமுன் அவர் வந்துவிட்டால் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். ஒஃபிலி ஓவியம் அப்படித்தான் தப்பியது.

கண்ணாடி போட்ட படம்தானே என்று அலட்சியம் வேண்டாம். திரவம் கண்ணாடியில் வழிந்து சட்டத்தின் கீழ் விளிம்பு வழியாக உள்ளே ஊறும். 2022 அக்டோபரில் லண்டன் நேஷனல் கேலரியில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின்மேல் தக்காளி சூப் வீசப்பட்டபோது கண்ணாடி படத்தைக் காத்தது, ஆனால் சட்டம் சேதமானது. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே அடைப்புப் பட்டை இருக்கிறதா என்று மாட்டும்போதே பாருங்கள்.

பழுது பார்ப்பதே தவறாகப் போகுமா?

போகும். 1986இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் பார்னெட் நியூமனின் 'சிவப்பு, மஞ்சள், நீலத்துக்கு யார் பயப்படுகிறார்கள் 3' என்ற பிரம்மாண்ட ஓவியத்தை ஒருவர் கத்தியால் கிழித்தார். கிட்டத்தட்ட முழுக்கச் சிவப்பு. ஒரே நிறப் பரப்பில் ஒட்டுப்போட்டால் ஒட்டு தெரியும், அதுதான் சிக்கல். 1991இல் திரும்பி வந்த படத்தில் சிவப்பு செத்துப்போயிருந்தது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். சோதித்தபோது உருளையால் பரப்பு முழுவதும் மேற்பூச்சு போட்டிருப்பது தெரிந்தது. கத்தி கிழித்தது சில கோடுகள், பூச்சு மூடியது முழுப் பரப்பு. சேதமான இடத்தைத் தவிர வேறெங்கும் தொடக்கூடாது என்பதையும், எந்தப் பொருள், எந்த முறை என்பதையும் பழுது ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

வெடிகுண்டு மிரட்டல், தொலைபேசித் தாக்குதல் வந்தால் மூடிவிடுவதா?

2019இல் ஜப்பானின் ஐச்சி டிரியனாலே என்ற, மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலை விழாவில் நடந்ததை ஒவ்வொரு கூடமும் படிக்கவேண்டும். முன்பு தணிக்கைக்கு உள்ளான படைப்புகளை மட்டும் வைத்து ஒரு பகுதி அமைத்தார்கள். ஜப்பானிய ராணுவத்தின் போர்க்காலப் பாலியல் அடிமைத்தனத்தை நினைவூட்டும் சிறுமி சிலையும் அதில் இருந்தது. ஆகஸ்ட் 1இல் திறந்து 3ஆம் தேதியோடு மூடினார்கள். பெட்ரோலோடு வருவோம் என்று தொலைநகல் வந்திருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் கியோட்டோவில் ஒரு அனிமேஷன் நிறுவனம் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தப்பட்டிருந்தது. மிரட்டலை வெறும் பேச்சென்று தள்ள அவர்களால் முடியவில்லை.

ஆனால் அக்டோபர் 8இல் திரும்பத் திறந்தார்கள். குலுக்கல் முறையில் நுழைவு, ஒரு தடவைக்கு 30 பேர், உலோகச் சோதனை. இவை ஆகஸ்ட் 1 அன்றே தயாராக இருந்திருந்தால் இரண்டு மாதம் மூடியிருக்கத் தேவை இருந்திருக்காது. தொலைபேசியில் வசை வாங்கி வாங்கி ஊழியர்கள் நொறுங்கிப்போனதால், கலைஞர்களே தனி எண் ஒன்று வைத்துத் தாங்களே அழைப்புகளை எடுத்துப் பேசினார்கள். அழைத்தவர்களுக்குத் திட்டுவதற்கு ஒரு கருவி கிடைக்காமல், பேசுவதற்கு ஒரு மனிதர் கிடைத்தார். பின்பற்றத்தக்க நல்ல வழி.

சிறிய கூடங்களுக்குச் சுருக்கமாக: அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று முதலில் அறிவியுங்கள், ஓர் அழைப்புக்குப் பத்து நிமிட வரம்பு வையுங்கள், குறிப்பான மிரட்டலை உடனே காவல்துறைக்குத் தாருங்கள், புகாரை வேறு ஏட்டில் எழுதுங்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால் நியாயமாகக் கேட்டவரும் குற்றவாளிபோல் ஆகிவிடுவார்.

பொது இடத்தில் வைக்கும் படைப்புக்கு ஏன் எதிர்ப்பு அதிகம்?

அங்கே பார்வையாளர் வரவில்லை, படைப்புதான் அவர் வழியில் வந்து நிற்கிறது. ரிச்சர்ட் செராவின் 'டில்டட் ஆர்க்' 1981இல் நியூயார்க்கின் ஒரு அரசு அலுவலக வளாகத்தில் நிறுவப்பட்டது: 120 அடி நீளம், 12 அடி உயரம், துருப்பிடித்த நிறத்தில் சாய்ந்து வளைந்த எஃகுச் சுவர். தினமும் அதைச் சுற்றித்தான் வேலைக்குப் போகவேண்டும். நடையை மாற்றுவதுதான் அதன் நோக்கமே; ஆனால் அங்கே வேலை செய்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1985இல் நடந்த பொது விசாரணையில் 180 பேர் பேசினார்கள். 122 பேர் வைத்திருக்கச் சொன்னார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். அப்படியும் எடுக்கவே முடிவானது. 1989 மார்ச்சில் ஓரிரவில் மூன்றாக வெட்டிக் கொண்டுபோனார்கள்.

அந்த இடத்துக்காகவே செய்ததை வேறிடத்துக்கு மாற்றுவது அழிப்பதுதான் என்ற செராவின் வாதம் சரி. எங்கள் முற்றத்தை எங்களிடம் கேட்காமல் பிளந்தார்கள் என்ற ஊழியர்களின் வாதமும் சரி. பிழை இரண்டுக்கும் முன்னால் நடந்தது: கேட்கவேண்டிய நேரம் 1985 இல்லை, எஃகை வார்க்குமுன். முதலில் ஓராண்டு, இரண்டாண்டு என்று காலவரையோடு வைத்து, முடிவில் கருத்துக் கேட்டு நீட்டிப்பதே இன்று நல்ல நடைமுறை. நிறுவுமுன் அதே அளவில் துணியிலோ மரச்சட்டத்திலோ ஒரு மாதிரியைச் சில நாள் நிறுத்திவையுங்கள். நிழல் எங்கே விழுகிறது, சக்கர நாற்காலி எங்கே மாட்டுகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது.

எதிர்த்தவர்கள் மனம் மாறுவதுண்டா?

உண்டு. வாஷிங்டனின் வியட்நாம் போர் நினைவகத்தை வடிவமைத்தபோது மாயா லின்னுக்கு 21 வயது. கரிய சுவர், தரைக்குக் கீழே இறங்கும் வடிவம், வீரர் சிலை கிடையாது. முன்னாள் வீரர்கள் சிலரே அவமானம் என்றார்கள். சமரசமாக 1984இல் சற்றுத் தள்ளி மூன்று வீரர் சிலை சேர்க்கப்பட்டது. இன்று அந்தச் சுவரில் பெயரைத் தேடி விரலால் தடவி, தாள் வைத்துத் தேய்த்து எடுத்துப் போகிறார்கள். அங்கே நன்றாகப் பயன்பட்ட ஒரு விஷயம்: பெயர்கள் இறந்த நாள் வரிசையில் இருப்பதால், சேர்ந்து செத்தவர்கள் சேர்ந்தே இருக்கிறார்கள். தொடக்கூடியதாக இருந்ததும் உதவியது.

எல்லாவற்றுக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ரேச்சல் வைட்ரெட், இடிக்கப்படவிருந்த ஒரு கிழக்கு லண்டன் வீட்டின் உள்வெளியைக் கான்கிரீட்டில் வார்த்து 1993இல் 'ஹவுஸ்' செய்தார். அவருக்கு பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்த அதே நாளில் உள்ளாட்சி மன்றம் இடிக்க முடிவெடுத்தது. 1994 ஜனவரியில் இடித்தார்கள்.

அப்படியானால் ஒரு படைப்பை எடுப்பது எப்போதும் தவறா?

இல்லை. சாம் டூரன்ட்டின் 'ஸ்கஃபோல்ட்' அமெரிக்காவின் ஏழு தூக்குமேடைகளின் வடிவங்களைச் சேர்த்துச் செய்த மரக் கட்டுமானம்; 2012இல் ஜெர்மனியின் காசல் நகரில் வைத்தபோது பெரிய எதிர்ப்பில்லை. 2017இல் மினியாபொலிஸ் வாக்கர் கலை மையம் தன் சிற்பத் தோட்டத்தில் அதைக் கட்டியது. அந்த ஏழில் ஒன்று, 1862இல் அதே மாநிலத்தில் டகோட்டா பழங்குடியைச் சேர்ந்த 38 ஆண்களைத் தூக்கிலிட்ட மேடை. அவர்கள் வழிவந்தவர்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். மரண தண்டனையைக் கண்டிக்கக் கலைஞர் செய்தது அவர்களுக்குத் தாத்தாவின் தூக்குமரம். பிள்ளைகள் ஏறி விளையாடும் உயரத்தில்.

அருங்காட்சியகமும் கலைஞரும் டகோட்டா மூத்தோரோடு உட்கார்ந்து பேசினார்கள். டூரன்ட் படைப்பின் உரிமையையே அவர்களிடம் ஒப்படைத்தார், மேடை பிரிக்கப்பட்டது. யாரும் நெருப்பு வைக்கவில்லை, யாரும் இரவில் வந்து வெட்டவில்லை. எடுக்கும் முடிவு சரியா என்று சோதிக்க மூன்று கேள்வி போதும்: கேட்பவர்கள் அந்த வரலாற்றின் நேரடி வாரிசுகளா? கலைஞர் மேசையில் இருந்தாரா? முடிவும் அதன் காரணமும் பொதுவில் சொல்லப்பட்டனவா? வாக்கரில் மூன்றுக்கும் 'ஆம்'. மிரட்டலுக்கு அஞ்சி ராத்திரியோடு ராத்திரியாக இறக்கும்போது மூன்றுக்கும் 'இல்லை', அடுத்த கும்பலுக்கும் அதுவே வழிகாட்டி.

அரசுப் பணம் வாங்கினால் அரசு சொல்வதைக் கேட்கவேண்டாமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். 1999இல் நியூயார்க் மேயர் ஜூலியானி, ஒஃபிலி ஓவியத்துக்காக புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கான சுமார் 70 லட்சம் டாலர் ஆண்டு நிதியை நிறுத்தவும், கட்டடத்தைவிட்டு வெளியேற்றவும் முனைந்தார். ஏற்கெனவே ஒதுக்கிய நிதியைக் கருத்துக்குத் தண்டனையாகப் பறிக்கக்கூடாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் அருங்காட்சியகத்தின் பக்கம் நின்றது. ஆனால் புதிதாக நிதி கேட்கும்போது பொதுவான கண்ணிய அளவுகோல்களைக் கருத்தில் கொள்ளலாம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1998இல் 8க்கு 1 என்று சொல்லியிருந்தது. தருவதற்கு யோசிக்கலாம், தந்த பிறகு மிரட்டக்கூடாது. நிதி ஒப்பந்தத்தில் திரும்பப் பெறும் நிபந்தனைகளைக் கூர்ந்து படிப்பதுதான் நடைமுறைப் பாடம்.

சர்ச்சை கலைஞருக்கு நல்லதுதானே?

'சென்சேஷன்' கண்காட்சிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வந்தார்கள், உண்மை. ஆனால் அதில் பெயர் வாங்கியவர்களுக்குப் பின்னால் ஏற்கெனவே பெரிய சேகரிப்பாளர் இருந்தார். பின்புலமில்லாத இளைஞருக்குச் சர்ச்சை என்றால் வழக்குச் செலவு, ரத்தான கண்காட்சி, வீட்டுக்கு வரும் மிரட்டல். "விளம்பரத்துக்காகச் செய்கிறார்" என்று சொல்லுமுன் அவர் என்ன இழந்தார் என்றும் பாருங்கள்.

பார்வையாளரையே பங்கெடுக்கச் சொல்லும் படைப்பில் எல்லை மீறினால்?

மரினா அப்ரமோவிச் 1974இல் நேப்பிள்ஸில் 72 பொருள்களை மேசையில் பரப்பி, என்மேல் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று 6 மணி நேரம் அசையாமல் நின்றார். ரோஜா, தேன், கத்தரிக்கோல், கத்தி, துப்பாக்கி, ஒரு தோட்டா. முதலில் மென்மையாக இருந்தவர்கள் பின்னர் உடையைக் கத்தரித்தார்கள், கீறினார்கள். ஒருவர் துப்பாக்கியை அவர்மேல் திருப்பினார், மற்றவர்கள் பறித்தார்கள். இன்று இப்படி ஒன்றை ஏற்பாடு செய்தால், நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவர், கலைஞர் முன்பே ஒப்புக்கொண்ட சைகை, கையெட்டும் தூரத்தில் முதலுதவி மூன்றும் கட்டாயம். அந்த ஒருவர் படம் எடுப்பவராக இருக்கக்கூடாது.

தாக்கப்பட்ட படைப்பை அப்படியே காட்டலாமா?

கலைஞர் ஒப்புக்கொண்டால் காட்டலாம். 2011 ஏப்ரலில் பிரான்சின் அவிஞ்ஞோனில் ஆண்ட்ரெஸ் செர்ரானோவின் 'பிஸ் கிறைஸ்ட்' ஒளிப்படத்தைச் சுத்தியலால் உடைத்தார்கள். சிறுநீரில் மூழ்கிய சிறு சிலுவையின் படம் அது. தலைப்பைப் படிக்காதவர் கண்ணுக்குப் பொன்னிற ஒளியில் மிதக்கும் சிலுவைதான். கூடம் உடைந்த படத்தையே தொடர்ந்து காட்டியது. 2015இல் வெர்சாய் தோட்டத்தில் அனிஷ் கபூரின் 'டர்ட்டி கார்னர்' சிற்பத்தின் மீது யூத வெறுப்பு வாசகங்கள் எழுதப்பட்டபோது, அழிக்காமல் விடுவேன், வெறுப்பை எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்றார். நீதிமன்றம் மறைக்கச் சொன்னது. தங்கத் தகடால் மூடினார்.

அப்படிக் காட்டுவதென்றால் கூர்மையான கண்ணாடித் துண்டுகள் உதிராதபடி முன்னால் அக்ரிலிக் தகடு போடுங்கள். பலகையில் சேத நாளை எழுதுங்கள், தாக்கியவர் பெயரை எழுதாதீர்கள். காவல்துறை தடயம் எடுத்து எழுத்தில் அனுமதி தரும்வரை எதையும் நகர்த்தாதீர்கள். வெறுப்பு வாசகம் இருந்தால், அது யாரைக் குறிவைத்ததோ அந்தச் சமூகத்தாரிடம் முதலில் கேளுங்கள். தினமும் அதைக் கடந்துபோகப்போவது அவர்கள்.